எடுக்காத கூலி: வாசகர் கேள்வி பதில்

பிழைப்புத் தேடி வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ போன உடன்பிறந்தவர்கள் சேர்ந்து தொழில் வளர்ப்பதைப் பற்றி வாசகர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். குன்னூரில் முப்பத்தாறு ஆண்டுகள் கடைகளுக்குக் கணக்கு எழுதியவன் நான்; அண்ணன் தம்பி நடத்திய ஒரு கடையின் பின்கட்டில் பிறந்து வளர்ந்தவனும்கூட.

குன்னூர் வாசகர் ஒருவர்: ஐயா, எங்கள் கடைவீதியில் இன்று பெரிதாக இருக்கும் கடைகளில் பல, ஒரு காலத்தில் சமவெளியிலிருந்து ஒரே ஒரு பையோடு ஏறிவந்த அண்ணன் தம்பிகள் தொடங்கியவை. வெளிநாடுகளிலும் இப்படித்தான் என்று படிக்கிறேன். நிலமும் வீடும் உறவும் உள்ள எங்களால் முடியாதது, ஒன்றும் இல்லாமல் வந்த அவர்களால் எப்படி முடிகிறது?

அவர்கள் ஒன்றும் இல்லாமல் வந்ததாக நான் நினைக்கவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் கேட்காத இரண்டு மூன்று ஆட்களோடு வருகிறார்கள். ஒரு சிறு கடைக்கு அதைவிடப் பெரிய முதல் கிடைப்பது அரிது. கணக்காகவே பார்ப்போம். மூன்று சகோதரர்கள் ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். அதே வேலைக்கு வெளியாட்களை வைத்தால் ஆளுக்கு மாதம் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5,40,000 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் 27 லட்சம். கடையில் அந்த அளவுக்கு வியாபாரம் நடந்து, மூவரும் பின்கட்டில் ஒரே அறையில் படுத்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு, ஊருக்கும் சிறிது அனுப்பி, அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் செலவழித்தால், 18 லட்சம் ரூபாய் கடைக்குள்ளேயே சரக்காக நிற்கிறது. அது வட்டியில்லாத பணம். திருப்பிக் கேட்டு வாசலில் யாரும் வந்து நிற்காத பணம். சகோதரர்கள் சேர்த்த சொத்து என்று ஊர் வியப்பதன் அடியைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் இந்த எடுக்காத கூலிதான் இருக்கிறது.

அடுத்தது, நம்பிக்கையான கை. மலைக்கடைக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு கண் வேண்டும், கல்லாவில் ஒரு கண் வேண்டும், எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்க் கடன் வசூலிக்க ஒரு கால் வேண்டும். இந்த மூன்று இடத்திலும் கூலிக்கு ஆள் வைத்தால் அவர்களைக் கண்காணிக்க நான்காவதாக ஒருவர் தேவைப்படுவார். விடியற்காலையில் மண்டியில் சரக்கு எடுப்பவர் தம்பி என்றால், அவர் சொன்ன விலையை அண்ணன் மறுபேச்சில்லாமல் பேரேட்டில் ஏற்றிக்கொள்கிறார். மண்டிக்காரரும் அப்படித்தான் பார்ப்பார்: ஒருவர் நொடித்தாலும் இன்னொருவர் அடைப்பார் என்று எண்ணித்தான், தனி ஆளுக்குத் தராத தவணையை அவர் அண்ணன் தம்பிக்குத் தருகிறார்.

வெளிநாட்டுக் கதைகளிலும் இதே அமைப்புதான் தெரிகிறது. ஜெர்மனியின் பவேரியாவில், ரிம்பார் என்ற சிற்றூரில் மாட்டு வியாபாரி ஒருவரின் மகனான ஹென்றி லேமன் 1844இல் அமெரிக்காவுக்குப் போய், அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் துணிமணிகளும் பலசரக்கும் விற்கும் கடை வைத்தார். பின்னால் தம்பி இமானுவேல் வந்தார். 1850இல் கடைசித் தம்பி மேயரும் வந்து சேர்ந்தபோது கடைக்கு லேமன் சகோதரர்கள் என்ற பெயர் ஏற்பட்டது. வாங்கிய சரக்குக்கு விவசாயிகள் பணத்துக்குப் பதிலாகப் பருத்தி கொடுத்தார்கள். அதை விற்க இவர்கள் சந்தை தேடினார்கள். கடையைவிடப் பருத்தி வியாபாரம் பெரிதாகிவிட்டது. 1855இல் மஞ்சள் காய்ச்சலில் ஹென்றி இறந்தபோதும் தொழில் நிற்கவில்லை, ஏனெனில் தொழிலின் நெளிவுசுளிவு அறிந்த இருவர் மிச்சமிருந்தார்கள். 1858இல் நியூயார்க்கில் அலுவலகம் திறந்தார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பருத்தியை விளைவித்தவர்கள் அடிமைகள். சகோதரர்களும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார்கள். ஒரு குடும்பத்தின் எடுக்காத கூலியோடு, பிறருக்குக் கொடுக்காத கூலியும் சேர்ந்துதான் அந்தச் செல்வம் திரண்டது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சார்கீஸ் சகோதரர்கள் என்ற நான்கு ஆர்மீனியர்கள் பாரசீகத்தின் இஸ்பகானிலிருந்து கிளம்பி, பினாங்கில் ஒரு விடுதி, 1887இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ், 1901இல் ரங்கூனில் ஸ்ட்ராண்ட் என்று கிழக்கே விடுதிகளை நிறுவினார்கள். கப்பலில் போகும் பயணி ஒரு துறைமுகத்தில் அவர்கள் விடுதியில் தங்கினால் அடுத்த துறைமுகத்திலும் அவர்கள் பெயரையே தேடுவார். ஆனால் 1931இல், பொருளாதார மந்தத்தின் நடுவே, கடைசியாகப் பொறுப்பில் இருந்த சகோதரர் இறந்ததும் நிறுவனமே திவாலானது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உள்ளூர்க்காரருக்கு ஏன் கடினம் என்ற உங்கள் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து ஒரு காரணம் சொல்வேன். உள்ளூரில் பிறந்தவர் கடை வைத்தால், பெரியப்பா மகனும் பக்கத்து வீட்டு அத்தையும் கடன் சொல்லிச் சரக்கு எடுப்பார்கள். முகம் முறித்து மறுக்க முடியாது. வெளியிலிருந்து வந்தவரிடம் அந்த உரிமையை யாரும் கோருவதில்லை. மேலும், ஏறி இறங்கிக்கொண்டிருப்பவருக்கு இரண்டு ஊர் விலையும் தெரியும். கோயம்புத்தூருக்கும் மலைக்கும் இடையே தபால் சுமந்த முத்துசாமி முதலியார் 1905இல் வெண்ணெய் வியாபாரத்தில் இறங்கி, அது பின்னர் நீல்கிரீஸ் என்ற பெயரில் பெங்களூர் வரை வளர்ந்ததற்கு, தோட்டத்துத் துரைமார்களுக்கு எது தேவை என்பதை நடந்து நடந்தே அவர் அறிந்திருந்ததும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நிலைத்த கடைகளைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். நான் கணக்கு எழுதிய அண்ணன் தம்பி கடைகளில் பாதிக்கு மேல் இன்று இல்லை. அவர்கள் சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டார்கள்.

கூடலூர் வாசகி ஒருவர்: என் பெற்றோர் ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். எனக்கு இரண்டு அண்ணன், ஒரு தம்பி. மூவரும் தேநீர்க் கடையில் தொடங்கி இன்று இரண்டு பேக்கரி வைத்திருக்கிறார்கள். 17 வயது முதல் 29 வயதில் எனக்குத் திருமணமாகும் வரை அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து மாவு பிசைந்தவள் நான். இரவில் கணக்கும் எழுதினேன். பங்கு என்று வாய் திறந்தால், "உன் கல்யாணத்தை நாங்கள்தானே செய்து வைத்தோம்" என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது? கேட்பது தவறா, ஐயா?

கேட்பது தவறில்லை, அம்மா. உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன்.

உங்கள் பெற்றோர் எதிலிருந்து எழுந்தார்கள் என்பதை இளைய வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்றும், அவர்களைக் கேட்காமலேயே பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொண்டன. தாயகம் திரும்பியோர் என்ற பெயரோடு வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம்தான் இன்றைய டான்டீ. அவர்களுக்காகவும் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காகவும் 1969இல் ஏற்பட்டதுதான் ரெப்கோ வங்கி. பல தலைமுறை உழைப்பை அக்கரையில் விட்டுவிட்டு வந்தவர்களின் பிள்ளைகள் இரண்டு பேக்கரிக்கு உரிமையாளர்கள் ஆகியிருக்கிறார்கள் என்றால் அது பெரிய செயல். அந்தப் பிள்ளைகளில் நீங்களும் ஒருவர்.

சட்டத்தைப் பொறுத்தவரை நான் நம்பிக்கை ஊட்டும் பொய் எதையும் சொல்ல மாட்டேன். தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு உண்டு. இந்துக் குடும்பமானாலும் கிறிஸ்தவக் குடும்பமானாலும் இது பொருந்தும். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989இலும் நடுவண் அரசு 2005இலும் சட்டமாக்கின. ஆனால் இவை எல்லாம் தந்தை வழிச் சொத்தைப் பற்றியவை. சகோதரர்கள் தாங்களே தொடங்கிய தொழிலைக் குடும்பத் தொழில் என்று நீதிமன்றம் தானாக எடுத்துக்கொள்வதில்லை. அப்படிச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆகவே நீங்கள் முதலில் தேட வேண்டியது தொடக்கப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை. மறுவாழ்வுக்காக உங்கள் தந்தை பெயரில் கிடைத்த வியாபாரக் கடனோ, பெற்றோரின் வருங்கால வைப்பு நிதியோ, தாயின் நகையோ அந்தத் தேநீர்க் கடைக்குள் போயிருந்தால் உங்கள் நிலைமை மாறும். அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். வெறும் சம்பளப் பாக்கி என்று கேட்டால், மூன்று ஆண்டுக் காலவரம்பு எப்போதோ கடந்துவிட்டது.

சட்டத்துக்கு வெளியே ஒரு கணக்கு இருக்கிறது; அதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு மாவு பிசைபவருக்கும் ஒரு கணக்கருக்கும் கொடுக்க வேண்டிய கூலி அந்தக் கடையை விட்டு வெளியே போகவில்லை. உங்கள் சகோதரர்களின் எடுக்காத கூலி முதலாக மாறி அவர்கள் பெயரில் நிற்கிறது. உங்களுடையதும் முதலாக மாறி அவர்கள் பெயரிலேயே நிற்கிறது. திருமணச் செலவு அதற்கு ஈடாகிவிட்டது என்று அவர்கள் சொன்னால், ஈடானதா என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்ப்பதில் யாருக்கும் குற்றமில்லை.

இது கூடலூரில் மட்டும் நடக்கும் அநியாயம் என்று நினைக்க வேண்டாம். பிராங்க்பர்ட் நகரிலிருந்து ஐந்து மகன்களைக் கொண்டு ஐரோப்பாவின் ஐந்து நகரங்களில் வங்கி நடத்திய ராத்ஸ்சைல்ட் குடும்பத்தின் தந்தை, 1812இல் தாம் இறக்குமுன் எழுதிய உயிலில், மகள்களுக்கும் மருமகன்களுக்கும் தொழிலில் எந்தப் பங்கும் இல்லை, கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையும் இல்லை என்று எழுதிவைத்தார். உலகமே அந்த ஐந்து சகோதரர்களின் ஒற்றுமையைப் புகழ்ந்தது. அந்த வீட்டில் பிறந்த பெண் பிள்ளைகளும் ஐந்து பேர் என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். என் அப்பாவும் சித்தப்பாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஏறிவந்து குன்னூரில் பலசரக்குக் கடை வைத்தவர்கள். கடையில் விற்ற மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி அத்தனையும் என் சித்தியும் அம்மாவும் இடித்துச் சலித்தவை. "வீட்டுப் பொடி" என்றே கேட்டு வாங்குவார்கள். பாகப்பிரிவினை நடந்த அன்று கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்து தராசு முதல் தகர டின் வரை எழுதினார்கள். பொடியை யாரும் எழுதவில்லை. சித்தி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உலக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். கணக்கு எழுதுவதை நான் தொழிலாக எடுத்துக்கொண்டதற்கு அந்த நாளும் ஒரு காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியதாக எனக்குப் படுவது இது. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, என்ன வேலை, அப்போது அந்த வேலைக்கு வெளியில் என்ன கூலி, உங்களுக்குப் போட்ட நகை எவ்வளவு என்று ஒரே தாளில் நேர்மையாக எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில் இருக்கும் பழைய கணக்கு நோட்டுகள் அவர்களிடம் இருந்தால் அவற்றையே சாட்சியாகக் கேளுங்கள். அண்ணிமார் மூலம் சொல்லி அனுப்பாமல், மூவரும் ஒன்றாக இருக்கும்போது நேரில் கொடுங்கள். பங்கு என்ற சொல் அவர்களுக்குக் கசந்தால், முடிவான ஒரு தொகையாகக் கேளுங்கள். அப்படி ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டால், விடுதலைப் பத்திரம் என்று எதையாவது நீட்டும்போது, பெற்றோர் சொத்தில் உங்களுக்குள்ள உரிமையையும் சேர்த்து அதில் எழுதிவிடவில்லையே என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கொடைக்கானல் வாசகர் ஒருவர்: நானும் அண்ணனும் ஒன்பது ஆண்டுகளாகச் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம் விற்கும் கடை நடத்துகிறோம். பத்திரம் எழுதிவிடலாம் என்று நான் சொன்னதற்கு, "நமக்குள் எதற்குப் பத்திரம்? என்னை நம்பவில்லையா?" என்று அண்ணன் ஒரு வாரமாகப் பேசவில்லை. நான் செய்தது தவறா?

அண்ணனுக்கு மனம் புண்பட்டது எனக்குப் புரிகிறது. எழுத்தில்லாத நம்பிக்கைதான் ஒன்பது ஆண்டுகளாக உங்கள் கடையை வளர்த்தது. அதைச் சந்தேகிப்பதுபோல் அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் பத்திரம் என்பதை ஒரு பெரிய வீட்டு வழக்கைக் காட்டி அவருக்குச் சொல்லுங்கள்.

நம் மலைப்பாதைகளில் ஏறி இறங்கும் பேருந்துகள் பலவற்றின் முகப்பில் அசோக் லேலண்ட் என்ற பெயரைப் பார்க்கிறோம். 1987இல் அந்த நிறுவனம் இந்துஜா குடும்பத்தின் கைக்கு வந்தது. சிந்து மாகாணத்தின் சிகார்பூரைச் சேர்ந்த பரமானந்த் இந்துஜா 1914இல் பம்பாயில் வியாபாரம் தொடங்கி, 1919இல் ஈரானுக்குப் போனார். 1979இல் அங்கே புரட்சி வந்தபோது குடும்பம் லண்டனுக்குத் தலைமையிடத்தை மாற்றிக்கொண்டது. எல்லாம் எல்லோருக்கும் சொந்தம், எதுவும் எவருக்கும் தனிச் சொந்தம் இல்லை என்பது நான்கு சகோதரர்களின் கொள்கை. 2014 ஜூலையில் அதை ஒரு கடிதமாகவே எழுதி நால்வரும் கையெழுத்திட்டார்கள்: ஒருவர் பெயரில் உள்ள சொத்து நால்வருக்கும் உரியது. சில ஆண்டுகளில் மூத்தவரின் உடல்நலமும் நினைவும் குன்றியபோது, அந்தக் கடிதத்துக்குச் சட்ட வலு உண்டா என்று அவர் தரப்பும் தம்பிகள் தரப்பும் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நின்றன. 2022இல்தான் சமரசம் ஆனது. எத்தனை பெரிய வழக்கறிஞர்களையும் அமர்த்தக்கூடிய குடும்பத்தில், அன்பை எழுதிவைத்தார்கள், பங்கை எழுதவில்லை. அதுதான் அவர்களை நீதிமன்றம் வரை கொண்டுபோய் நிறுத்தியது.

நீங்கள் ஒன்றும் எழுதாவிட்டாலும் உங்களுக்காக ஏற்கெனவே ஒரு பத்திரம் எழுதப்பட்டிருக்கிறது. அதன் பெயர் 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம். உங்களுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபமும் நட்டமும் சரிபாதி, யார் எவ்வளவு உழைத்தாலும் தனிச் சம்பளம் கிடையாது, ஒரு பங்குதாரர் இறந்தால் கூட்டாண்மை கலையும் என்று அது சொல்கிறது. அண்ணனுக்கு ஏதாவது நேர்ந்தால் மறுநாள் கடைக்குச் சட்டப்படி என்ன நிலைமை என்று அண்ணியும் நீங்களும் தேடிக்கொண்டிருக்க வேண்டுமா என்று அவரையே கேளுங்கள். பதிவு செய்யாத கூட்டாண்மை, பாக்கி வைத்த வெளியாள்மீது ஒப்பந்தத்தின் அடிப்படையில் வழக்குப் போட முடியாது என்பதும் வியாபாரிக்கு உறைக்கும் செய்தி.

பத்திரத்தில் நான் முதன்மையாகப் பார்ப்பது மூலதனக் கணக்கை. கடை உங்கள் ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளம் என்று ஒரு தொகையை எழுதட்டும். கையில் எடுக்காத மீதி, எடுக்காதவர் பெயரிலேயே வரவாக ஏறட்டும். அண்ணன் பிள்ளைகளின் படிப்புக்கு அதிகமாக எடுத்தால் அதில் வருத்தமில்லை, எழுதியிருந்தால் போதும். ஒருவர் விலகினால் கடையை யார், எந்த முறையில் மதிப்பிடுவது, தொகையை எத்தனை தவணையில் கொடுப்பது என்பதை, இருவருக்கும் விலகும் எண்ணமே இல்லாத இப்போதே எழுதினால்தான் இருவருக்கும் நியாயமாக எழுத முடியும்.

நகரத்தார் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. மகனுக்குத் திருமணமானதும் அதே வீட்டுக்குள் அவனுக்குத் தனி அடுப்பு வைத்துக்கொடுத்து, "வேறு வைத்தல்" என்பார்கள். கணவனும் மனைவியும் கோயில் வரிக் கணக்கில் ஒரு புள்ளி ஆகிவிடுவார்கள். முற்றமும் வாசலும் பொது, அடுப்பும் கணக்கும் தனி. பர்மாவிலும் மலேயாவிலும் பெருந்தொகைகளைக் கையாண்ட அந்தச் சமூகம் கணக்கைப் பிரிப்பதைப் பாசக் குறைவாக நினைக்கவில்லை. பத்திரப் பேச்சை மீண்டும் தொடங்கும்போது அண்ணியையும் உட்கார வைத்துப் பேசுங்கள். முதல் வரைவில் அண்ணன் சொல்லும் திருத்தங்களை ஏற்றுக்கொள்ளுங்கள்.

உதகை வாசகர் ஒருவர்: நாங்கள் மூன்று சகோதரர்கள் நடத்தும் கடை நகராட்சிக் கட்டடத்தில் உள்ளது. உரிமம் மூத்தவர் பெயரில் மட்டும் இருக்கிறது. இது பிரச்சினையா?

ஆகக்கூடும். உரிமம் யார் பெயரில் உள்ளதோ அவரைத்தான் உள்ளாட்சி அமைப்பு அறியும். உங்களுக்குள் உள்ள பங்கை அது அறியாது. உரிமத்தை மாற்றவோ சேர்க்கவோ விதி இடம் கொடுக்கிறதா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். விதியை மீறி உள்வாடகைபோல் எதையும் எழுதிக்கொண்டால் உரிமமே போய்விடும். சரக்கு, பாக்கி, வியாபாரப் பெயர் ஆகியவற்றுக்காவது கூட்டாண்மைப் பத்திரம் இருக்கட்டும். வாடகை மூவரின் வியாபாரக் கணக்கிலிருந்து வங்கி வழியாகப் போகட்டும், ரசீதுகள் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

கோத்தகிரி வாசகி ஒருவர்: என் மகன்கள் இருவரும் கனடாவில் வேலையில் இருக்கிறார்கள். சேர்ந்து நம் ஊர்ச் சாமான் விற்கும் கடை வைக்கப் போகிறோம், தோட்டத்தை விற்றுப் பணம் அனுப்புங்கள் அம்மா என்கிறார்கள். எனக்கு இருப்பது இரண்டு ஏக்கர் தேயிலை மட்டும். பச்சைத் தேயிலைக்கு நல்ல விலையும் இல்லை. விற்றுவிடலாமா?

விற்க வேண்டாம் என்பது என் கருத்து, அம்மா, குறைந்தது இப்போதைக்கு.

கொழுந்து விலை படுத்திருக்கும் காலத்தில் தோட்டத்தை விற்றால் நிலத்துக்கும் நல்ல விலை கிடைக்காது. அதைவிட, அந்த இரண்டு ஏக்கர் உங்கள் மாதச் சாப்பாடு. மகன்கள் அன்பானவர்களாகவே இருந்தாலும், மாமியார் வீட்டுப் பணம், மருமகள் பணம், அம்மா பணம் என்று ஒரு கடைக்குள் பல பணம் சேரும்போது, குரல் எழுப்பாதவரின் பணம்தான் முதலில் மறக்கப்படும். மேலே கூடலூர்ச் சகோதரி எழுதியதைப் படித்திருப்பீர்கள்.

உங்கள் மகன்களுக்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்னில், குஜராத்திலிருந்து போய்த் துணி ஆலையில் வேலை பார்த்த பெற்றோருக்குப் பிறந்த மோசின் இசா, சுபேர் இசா என்ற இரு சகோதரர்கள், முதலில் ஒரு பெட்ரோல் நிலையத்தை வாடகைக்கு எடுத்து நடத்திப் பழகினார்கள். அதன் பிறகுதான், 2001இல், பரி என்ற ஊரில் 1,50,000 பவுண்டுக்குச் சொந்தமாக ஒன்றை வாங்கினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2021இல், ஒரு முதலீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஆஸ்டா என்ற பெரும் பல்பொருள் அங்காடிச் சங்கிலியை 680 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கினார்கள். இடையில் வந்த அந்தப் பெருவளர்ச்சி கடனை ஏணியாக வைத்து ஏறியது. அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 2024இல் சுபேர் ஆஸ்டாவில் தம் பங்கை விற்று வெளியேறினார். ஆனால் தொடக்கத்தில் அவர்கள் செய்தது உங்கள் மகன்களும் செய்யக்கூடியது: வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்து நடத்திப் பார்ப்பது.

ஒரு மகன் வேலையை விடாமல் இருவர் வீட்டுச் செலவையும் தாங்கட்டும். இன்னொருவர் ஒரு சிறிய இடத்தில், அல்லது வேறொருவர் கடைக்குள் ஒரு பகுதியில், இரண்டு ஆண்டுகள் நடத்திப் பார்க்கட்டும். வேலையில் இருப்பவர் தாங்கும் செலவையும் கடையில் நிற்பவரின் கூலியையும் முதல் மாதத்திலிருந்தே இருவர் பெயரிலும் எழுதிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகும் பணம் தேவைப்பட்டால், தோட்டத்தை விற்காமல் உங்கள் சேமிப்பில் நீங்கள் இழந்தாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையைக் கடனாக, தேதியும் தவணையும் எழுதி, இருவர் கையெழுத்தோடு கொடுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் வழிமுறையை உங்கள் வங்கியிலேயே கேட்டு, அவர்கள் கொடுக்கும் படிவத்தில் மட்டும் அனுப்புங்கள். தெரிந்தவர் மூலம் கைமாற்றாக ஒரு ரூபாயும் போக வேண்டாம்.

தோட்டத்தில் இப்போது கவாத்து வெட்டும் வேலை இருந்தால் அதைத் தள்ளிப்போடாமல் செய்துவிடுங்கள். விற்பதா வேண்டாமா என்ற பேச்சு நடக்கும் வீடுகளில் முதலில் தோட்டம்தான் கவனிப்பில்லாமல் போகிறது.